செங்கலடிச் சந்தியிலிருந்து குதிரை முதுகு வரை: தெரியுமா உங்களுக்கு?

புளியந்தீவுப் பிள்ளைகள் குதிரை பார்க்க வேண்டுமென்றால் கோயில் வேட்டைத் திருவிழா வரவேண்டும். அதுவும் சுவாமியைச் சுமக்கும் மரக்குதிரைதான்! உயிருள்ள குதிரையில் ஏறியே தீருவோம் என்று அவர்கள் அடம்பிடித்தால் எங்கே போவது?

செங்கலடியில் திரும்புங்கள், போதும். நாம் பதுளை வீதி என்று சொல்கிறோமே, அதுதான் ஏ-5 நெடுஞ்சாலை. மகா ஓயா, பிபிலை, பதுளை, வெலிமடை என்று ஏறி ஏறி, அதே வீதி நேரே நுவரெலியாவுக்குள் நுழைகிறது தெரியுமா? அங்கும் நிற்காமல் கம்பளை வழியே பேராதனைக்கு ஓடுகிறது! சனிக்கிழமை விடியப் புறப்பட்டால், இடையில் மகா ஓயா வெந்நீரூற்றில் இறங்கி உடம்பு நனைக்கவும் நேரம் இருக்கும். காலையில் வாவிக்கரையில் வியர்த்துக்கொண்டு வானில் ஏறிய குடும்பம், மாலையில் நுவரெலியாவில் சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் ஸ்வெட்டர் தேடும்.

குதிரைச் சவாரி அங்குள்ள கிரகரி வாவிக்கரையில். அந்த வாவி இயற்கையானது என்றா நினைத்தீர்கள்? இல்லை! ஆளுநர் வில்லியம் கிரகரி 1873இல் உருவாக்கியது. பக்கத்திலேயே குதிரைப் பந்தயத் திடல்; 1875 முதல் இருக்கிறது. ஏப்ரலில் போனால் பந்தயமே பார்க்கலாம்.

இந்த மலைக்குக் குதிரை வந்த கதை இன்னும் வியப்பு. 1848இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் இங்கே பண்ணை அமைக்க இங்கிலாந்திலிருந்து கப்பலில் ஆட்கள், மாடு, செம்மறி, வேட்டைநாய்களோடு உயர்சாதிக் குதிரையும் கொண்டுவந்தார். மலையேறும் வழியில் அவருடைய வண்டியும் குதிரைகளும் பள்ளத்தில் உருண்டே போயின! ஆனால் இலங்கைக்குக் குதிரை கப்பலில் வருவது அதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது. அநுராதபுரத்தை 22 ஆண்டுகள் ஆண்ட தமிழர்களான சேனனும் குத்திகனும் குதிரை வணிகர் ஒருவரின் மக்கள் என்று மகாவம்சமே சொல்கிறது. குதிரை விற்க வந்த குடும்பம் அரியணையில்!

சரி, இப்போது உங்கள் பிள்ளை ஏறப்போகும் அந்த உயிரைக் கொஞ்சம் பாருங்கள். எனக்கு அரசர்களைவிட இதுதான் பெரிய அதிசயம்.

குதிரையால் வாயால் மூச்சுவிட முடியாது, மூக்கால் மட்டுமே. அது நாலுகால் பாய்ச்சலில் போகும்போது ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்று காலும் நுரையீரலும் தாளம் தப்பாமல் இணைந்துவிடும்! சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 30, 40 தடவை துடிக்கும் இதயம், அந்த ஓட்டத்தில் 200ஐத் தாண்டும். மண்ணீரல் சேமித்து வைத்திருக்கும் சிவப்பணுக்களை அந்த நேரம் பார்த்து இரத்தத்தில் கொட்டும். நின்றபடியே தூங்கும், ஏனென்றால் காலின் தசைநார்கள் மூட்டைப் பூட்டிவிடும். ஆனாலும் ஆழ்ந்த உறக்கத்துக்குப் படுத்தே ஆகவேண்டும்.

ஓடும்போது நான்கு குளம்புகளும் ஒரே நேரத்தில் நிலத்தைவிட்டு எழுமா? மனிதக் கண்ணால் தீர்க்க முடியாத இந்தச் சண்டையை 1878இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் வரிசையாகக் கமராக்களை வைத்துத் தீர்த்தார். எழுகிறது! அதுவும் கால்கள் நீண்டிருக்கும்போதல்ல, வயிற்றுக்குக் கீழே மடங்கிக் கூடும்போது.

கண்ணோ, தலைக்குப் பக்கவாட்டில். அதனால் ஏறக்குறைய சுற்றிலும் எல்லாம் தெரியும். தெரியாதவை இரண்டே இடங்கள்: வாலுக்கு நேர் பின்னால், மூக்குக்கு நேர் கீழே. ஆகவே பிள்ளையைப் பின்பக்கமாக அனுப்பவே அனுப்பாதீர்கள்! பேசிக்கொண்டே தோள் பக்கமாகப் போகச் சொல்லுங்கள். நுவரெலியாவில் கரட்டுக்கா பஞ்சம்? நீட்டமாகக் கீறி, விரித்த உள்ளங்கையில் வைத்து நீட்டட்டும். கையில் என்ன இருக்கிறதென்று குதிரைக்குத் தெரியாது. உதட்டாலும் மீசைமயிராலும் தடவித்தான் எடுக்கும். விரலை மடக்கிப் பிடித்தால் விரலும் கரட்டும் அதற்கு ஒன்றுதான்.

ஏறுவது இடப்பக்கமிருந்து. இடுப்பின் இடப்புறம் வாள் தொங்கிய வீரர்களின் பழக்கம் இன்றைக்கும் விடவில்லை என்பார்கள். அங்கவடியில் பாதத்தின் முன்பகுதி மட்டும், குதி கீழே, தலையில் ஹெல்மெட். அப்பா ஏறுவதானால் தன் எடையையும் குதிரையின் அளவையும் பார்த்துக்கொள்ளட்டும். குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதன் முதுகில் ஏற்றக்கூடாது. சேணத்துக்கடியில் புண் தெரிந்தாலோ, கால் நொண்டினாலோ அந்தக் குதிரையில் யாரும் ஏறவேண்டாம். பிள்ளை அழுதாலும் வேண்டாம்.

அடுத்த நீண்ட விடுமுறைக்கு ஒன்று சொல்லட்டுமா? சேணமே காணாத குதிரைகள் வடக்கே நெடுந்தீவில் உண்டு! போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வந்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் அங்கே கூட்டம் கூட்டமாகக் காட்டுக்குதிரைகளாய்த் திரிகின்றன. பழைய குதிரை லாயத்தின் இடிபாடும் இருக்கிறது. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குறிகட்டுவானில் படகு ஏறவேண்டும். வறட்சிக் காலத்தில் தண்ணீருக்கு அவை படும் பாடு கொஞ்சமல்ல. மழை பெய்து புல் முளைத்த பிறகு போனால், குட்டிகளோடு மேயும் கூட்டத்தைத் தூர நின்று ஆசைதீரப் பார்க்கலாம்.