வால் மெலிந்தால் தொட்டியைப் பாருங்கள்

டியூப் லைட்டுக்குப் பக்கத்தில் பூச்சிக்காகக் காத்திருக்கும் வீட்டுப் பல்லியின் பாதத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால், பல நேரம் விரல் இடுக்கில் செம்மஞ்சள் புள்ளிகள் தெரியும். கெக்கோபியா என்ற நுண்ணிய உண்ணிகள் அவை. குடலில் கீரிப்பூச்சி இருக்கலாம். நுரையீரலில் ரெய்லியட்டியெல்லா என்ற ஒட்டுண்ணியும் இருக்கலாம்; கரப்பானுக்குள் வளர்ந்து, அதைத் தின்ற பல்லிக்குள் குடிபுகுகிற சாமர்த்தியசாலி. இத்தனையையும் சுமந்துகொண்டு பல்லி பாட்டுக்குச் சுவரில் ஓடுகிறது.

கண்ணாடித் தொட்டிக்குள் கணக்கு வேறு. சுவர்ப் பல்லி எச்சமிட்ட இடத்தை விட்டு நகர்ந்துவிடும். தொட்டிப் பல்லியோ அந்த எச்சத்தின் மேலேயே நடக்கிறது. அதில் ஊர்ந்த சிள்வண்டையே விழுங்குகிறது. கீரிப்பூச்சிக்கு நடுவில் வேறு உயிர் தேவையில்லை என்பதால் வெளியே வந்த முட்டை சுலபமாகத் திரும்பவும் குடலுக்குப் போகிறது. மருத்துவர் தரும் பூச்சி மருந்து குடலுக்குள் இருப்பதைக் கொல்லும், தரையில் கிடப்பதை என்ன செய்யும்?

எவ்வளவு நாள் அடைத்து வைக்கிறோம் என்பதும் முக்கியம். மாமல்லபுரத்துக்கு வடக்கே, வடநெம்மேலியில் 1976-இல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் குழுவினர் தொடங்கிய முதலைப் பண்ணை இருக்கிறது. அதே வளாகத்தில் உள்ள, 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில், பிடித்து வந்த பாம்புகளைத் துணியால் வாய் கட்டிய மண்பானைகளில் வைப்பார்கள். வாரம் ஒருமுறையாக நான்கு முறை விஷம் எடுத்தபின் காட்டில் விட்டுவிடுவார்கள். என் பார்வையில், குறுகிய காவல் என்பதே அங்கே ஒரு பாதுகாப்பு. ஆயுள் முழுக்கத் தொட்டியில் வாழும் செல்லப் பல்லிக்கு அந்த வசதி கிடையாது.

செல்லப் பிராணியாக அதிகம் வளர்க்கப்படுவது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் வறண்ட நிலங்களைச் சேர்ந்த சிறுத்தைப் பல்லி. கொழுப்பைச் சேமிக்கும் அதன் வால் கொழுகொழுவென்று இருக்க வேண்டும். தின்றாலும் தின்னாவிட்டாலும் வால் குச்சியாக வற்றினால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணியைச் சந்தேகிக்கலாம். பல்லிகளைத் தாக்கும் அதன் வேரனி இனம் 1995-இல் ஒரு மர உடும்பிலிருந்து விவரிக்கப்பட்டது. அதன் முட்டையுறை மில்லிமீட்டரில் 200-இல் ஒரு பங்குதான். எச்சத்தோடு வெளியேறும்போதே தொற்றத் தயார். எச்சத்தில் தினமும் வெளிப்படாது என்பதால் ஒரு பரிசோதனையில் 'இல்லை' என்று வந்ததை நம்பிவிடக் கூடாது. முழுதாகக் குணப்படுத்தும் மருந்தும் இல்லை.

பிளீச்சிங் பவுடர் போட்டால் எல்லாம் செத்துவிடும் என்கிற நம் நம்பிக்கை இங்கே செல்லாது. வேரனியின் உறவுக்கார இனம் 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரக் குடிநீரில் புகுந்து, குளோரினையும் தாண்டி, சுமார் 4 லட்சம் பேரை வயிற்றுப்போக்கில் தள்ளியது. இவற்றைக் கொல்வது வெப்பமும் வறட்சியும். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையோர வீடுகளில், ஐப்பசி மழையில், கைக்குட்டை காயவே இரண்டு நாளாகும். எனவே வறட்சியை மட்டும் நம்பாமல், முதலில் சோப்பு போட்டுத் தேய்த்து, ஒட்டிய எச்சத்தை அகற்ற வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றும் எந்தக் கிருமிநாசினியும் வீண். பீங்கான் கிண்ணங்களைக் கொதிநீரில் போடலாம். கண்ணாடியில் கொதிநீர் ஊற்றினால் விரிசல் விடும். அதற்கு நீராவியை மெல்லக் காட்டி, பிறகு நல்ல வெயிலில் காயவிட வேண்டும். அமோனியாக் கரைசலும் வேலை செய்யும், பிளீச்சோடு கலந்தால் மட்டும் நச்சுவாயு. மரக்கட்டைகளைத் தூக்கி எறிவதே மேல். சிகிச்சை நடக்கும்வரை மணலுக்குப் பதில் செய்தித்தாள் விரித்துத் தினமும் மாற்றினால் போதும்.

இதில் எதையும் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஆரோக்கியமான பல்லியின் எச்சத்திலும் சால்மோனெல்லா இருக்கலாம்.

பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்குப் பெட்டிகளில் அடைத்துக் கடத்திவரப்பட்ட ஊர்வன பிடிபடும் செய்திகள் அடிக்கடி வருகின்றன. நெரிசலில் பயணித்த உயிர்களிடையே நோய் பரவாமல் என்ன செய்யும்? எனவே வீட்டுக்குப் புதிதாக வருவது எதுவானாலும் மூன்று மாதமாவது தனி அறையில் இருக்கட்டும். அதற்கென்று தனி இடுக்கி, தனிக் கிண்ணம், தீனி கடைசியாக. தின்னாமல் விட்ட பூச்சியை எடுத்து அடுத்த தொட்டியில் போட வேண்டாம். நோயுற்றதைப் பாவம் பார்த்துத் தோட்டத்தில் விடுவதும் கூடாது, அங்கே நம் ஊர்ப் பல்லிகள் இருக்கின்றன.