வெள்ளத்தை வெல்லும் நெல்

நெல் தண்ணீரில் செழித்து வளரும் பயிர். ஆயினும், வெள்ளத்தில் முழுவதும் மூழ்கினால் பெரும்பாலான நெல் வகைகள் ஏறத்தாழ ஒரு வாரத்தில் மடிந்துவிடுகின்றன. இதற்குக் காரணம் என்ன?

நெற்பயிர் தனக்குள் எத்திலின் என்னும் வாயுவை உண்டாக்குகிறது. பயிர் மூழ்கும்போது அவ்வாயு எளிதில் வெளியேற முடியாமல் உள்ளேயே தேங்குகிறது. உடனே, பயிரை நீளச் செய்யும் மரபணுக்கள் செயல்படத் தொடங்குகின்றன. பயிர், சேமித்து வைத்துள்ள மாவுச்சத்தைச் செலவிட்டு, நீருக்கு மேலே வர முயல்கிறது. வெள்ளம் வடிவதற்குள் சேமிப்புத் தீர்ந்துவிட்டால் அது சாய்ந்து மடிகிறது.

இந்தியாவின் ஒடிசா மாநிலத்து நெல் வகையான 'எஃப்ஆர்13ஏ' இரண்டு வாரம்வரை நீருக்குள் உயிர்வாழும். இதற்குக் காரணமான 'சப்1ஏ' மரபணுவைப் பற்றிய ஆய்வு 2006ஆம் ஆண்டில் வெளிவந்தது. இது பிற மரபணுக்களின் செயலைக் கட்டுப்படுத்தும் மரபணுவாகும். எத்திலின் தேங்கியதும் இது செயல்படத் தொடங்கி, பயிர் நீளமாக வளர்வதைத் தடுக்கிறது. மாவுச்சத்து வீணாவதையும் குறைக்கிறது. வெள்ளம் வடிந்த பிறகு, எஞ்சிய சேமிப்பைக் கொண்டு பயிர் மீண்டும் தளிர்க்கிறது.

உழவர்கள் விரும்பிப் பயிரிடும் 'சுவர்ணா' நெல்லில் இம்மரபணு கலப்பின முறையில் சேர்க்கப்பட்டது. அவ்வாறு உருவான 'சுவர்ணா சப்1' நெல் 2009ஆம் ஆண்டில் இந்தியாவில் வெளியிடப்பட்டது. வெள்ளம் நீண்ட நாள் தேங்கினால் இந்நெல்லும் தாங்காது. எனினும், இரண்டு வாரத்திற்குள் நீர் வடிந்தால், உழவரின் உழைப்பு வெள்ளத்தோடு போய்விடாது.