0 இல்ல, 4-ல இருந்து ஏன்? ஆலைகளில் உயிர் காக்கும் மில்லி ஆம்பியர் கணக்கு

தொட்டியில் எவ்வளவு திரவம் இருக்கு? பெரிய ஆலைகளில் இதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. டிரான்ஸ்மிட்டர் அளந்து, மின்னோட்டமாக அனுப்பும். அதைக் கட்டுப்பாட்டுக் கணினிக்குப் புரியும் எண்ணாக மாற்றித் தருவதுதான் 'அனலாக் இன்புட் மாட்யூல்'.

வழக்கமான கணக்கு 4 முதல் 20 மில்லி ஆம்பியர். தொட்டி காலி என்றால் 4, பாதி என்றால் 12, நிறைந்தால் 20. ஒயர் நீளமாக இருந்தாலும் இந்த அளவு மாறாது என்பது கூடுதல் வசதி.

சரி, 0-வில் ஆரம்பித்திருக்கலாமே?

விஷயமே அங்கதான் இருக்கு. ஒயர் அறுந்தால் மின்னோட்டம் 0 ஆகிவிடும். காலித் தொட்டிக்கும் 0 என்று வைத்தால், தொட்டி காலியா, ஒயர் அறுந்துபோச்சா என்றே தெரியாது. காலி என்று நினைத்து பம்ப் நிரப்பிக்கொண்டே இருக்கும். 4-ல் தொடங்குவதால், 3.6-க்குக் கீழே போனாலே பழுது என்று மாட்யூல் எச்சரிக்கும்படி அமைக்கலாம்.

ஆனால் டிரான்ஸ்மிட்டரே தப்பாக 10 என்று அனுப்பினால்? மாட்யூல் அப்படியே நம்பிவிடும். தப்பான அளவு எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரு உதாரணம்: 2005 மார்ச் 23, அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் அப்போது பிபி வசம் இருந்த எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. அங்கே 170 அடி கோபுரத்தில் திரவம் சுமார் 158 அடிக்கு ஏறியிருந்தது. திரையில் தெரிந்ததோ 8 அடிக்கும் குறைவு, அதுவும் இறங்குவதாக! கோபுரத்தின் அடிப்பகுதியை மட்டுமே அளந்த டிரான்ஸ்மிட்டர், அதிலும் சரியாக அளவமைக்கப்படாதது. தனியாக இருந்த உயர்மட்ட அலாரமும் ஒலிக்கவில்லை. வெடிவிபத்தில் 15 பேர் உயிரிழந்தனர். 180 பேர் காயமடைந்தனர்.

ஆபத்தான இடங்களில் இப்போது ஒரே டிரான்ஸ்மிட்டரை நம்புவதில்லை. மூன்றை வைத்து, அதில் இரண்டு ஒத்துச் சொல்வதையே எடுத்துக்கொள்ளும் முறை பல ஆலைகளில் இருக்கிறது.