எலும்பு ஒட்டும் கொடி

மாதுங்கா ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, வாழையிலையும் மல்லிகையும் விற்கும் கடைவீதியில் பிரண்டையும் கிடைக்கும். நாலு பட்டையாக, கணுக்கணுவாக இருக்கும் இந்தக் கொடிக்கு இந்தியில் ஹட்ஜோட் என்று பெயர். எலும்பை ஒட்டுவது என்று அர்த்தம். மராத்தியர்களுக்கு இது காண்டவேல். தாராவி, செம்பூர் பாட்டிமார்களுக்கோ துவையல் சமாசாரம்.

பெயரில் இருப்பது வெறும் நம்பிக்கைதானா? 1960களின் தொடக்கத்தில் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் டாக்டர் கே.என். உடுப்பாவும் சகாக்களும் எலிகளிடம் சோதித்தார்கள். பிரண்டை கொடுக்கப்பட்ட எலிகளுக்கு முறிந்த எலும்பு சீக்கிரம் கூடியது. சீனர்களிடமும் இதே கதைதான்: அவர்கள் மருந்தாக்கும் ஒரு பெரணிக் கிழங்கின் பெயரே 'கூ சுயி பூ', அதாவது உடைந்த எலும்பைச் சீராக்குவது.

ஆனால் எலி வேறு, மாதவிடாய் நின்று எலும்பு மெலிந்துவரும் பெண் வேறு. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் மிகச் சிறியவை. தவிர, விலகிய எலும்பை நேராக்கிக் கட்டாவிட்டால் எந்த மருந்து சாப்பிட்டாலும் அது கோணலாகத்தான் கூடும். இடுப்பு முறிந்த பாட்டியைப் பச்சிலைக் கட்டோடு வீட்டில் கிடத்தி வைப்பது ஆபத்து. தாராவிக்கு சயான் மருத்துவமனை கூப்பிடு தூரம்தான்.

துவையலுக்குத் தடையில்லை. இளந்தண்டாகப் பார்த்து வாங்கி, நார் உரித்து, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி, புளி கூட்டி அரைக்க வேண்டும். அவசரப்பட்டால் அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் நாக்கை அரிக்கும். நறுக்கும் முன் கையிலும் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.