தொலைந்துபோன ‘இருக்கலாம்’

நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒரு கோளைப் பற்றிய செய்தியை எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வானியலாளர் நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டது. 124 ஒளியாண்டு தொலைவில், ஒரு செங்குறு விண்மீனை 33 நாளுக்கு ஒருமுறை சுற்றிவரும் கே2-18பி என்ற கோளின் காற்றுமண்டலத்தில் டைமெத்தில் சல்பைடு, அல்லது அதன் நெருங்கிய உறவான டைமெத்தில் டைசல்பைடு, அல்லது இரண்டுமே இருப்பதற்கான தடயம் தெரிகிறது என்பதே அதன் சாரம். பூமியில் முதலாவது வாயுவைப் பெருமளவில் உண்டாக்குபவை கடலில் மிதந்து வாழும் நுண்ணுயிர்கள். கட்டுரையில் ‘அல்லது’ இருந்தது, ‘இருக்கலாம்’ இருந்தது, மேலும் உற்றுநோக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் இருந்தது. ஓரிரு நாளில் உலகம் முழுக்கப் பரவிய தலைப்புகள் பலவற்றில் இவை எதுவும் இல்லை.

என்ன அளந்தார்கள் என்பதைப் புரிந்துகொண்டால்தான் எது தொலைந்தது என்பது விளங்கும். கோள் தன் விண்மீனுக்குக் குறுக்கே செல்லும்போது, விண்மீன் ஒளியின் மிகச் சிறிய பங்கு அந்தக் கோளின் காற்றுமண்டலத்தை ஊடுருவி நம்மை வந்தடைகிறது. ஒவ்வொரு வாயுவும் தனக்குரிய அலைநீளங்களில் ஒளியை விழுங்கிவிடும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பதிவுசெய்த நிறமாலையில் அப்படி விழுங்கப்பட்ட இடங்களைத்தான் குழுவினர் தேடினார்கள். கிடைத்த தடயத்தின் வலிமை மூன்று சிக்மா. அதாவது, அந்த வாயுக்கள் அங்கே இல்லாமலே தற்செயலாக இப்படியொரு பதிவு கிடைப்பதற்கான வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். இயற்பியலில் கண்டுபிடிப்பு என்று சொல்ல ஐந்து சிக்மா வேண்டும் என்பது வழக்கம். இந்த 0.3 தான் செய்திகளில் ‘99.7 சதவீதம் உறுதி’ என்று தலைகீழாக மாறியது. வாசகர் அதை, அங்கே உயிர் இருப்பது 99.7 சதவீதம் உறுதி என்று படித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அப்படிப் படிக்கும்படிதான் எழுதப்பட்டிருந்தது.

உண்மையில் அந்த எண் முதல் படிக்கட்டுக்கு மட்டுமே உரியது. பதிவானது சத்தமா, சமிக்ஞையா என்பதோடு அதன் வேலை முடிந்தது. சமிக்ஞைதான் என்றால், அது இந்த வாயுவினுடையதா, வேறொரு மூலக்கூறினுடையதா? இந்த வாயுதான் என்றால், உயிர் இல்லாமல் அது உருவாகவே முடியாதா? 67பி என்ற வால்மீனில் ரொசெட்டா விண்கலம் திரட்டிய தரவுகளில் டைமெத்தில் சல்பைடு இருந்ததை 2024ல் கண்டார்கள். அங்கே கடலும் இல்லை, பாசியும் இல்லை. கடைசியாக, கே2-18பி கடல் சூழ்ந்த கோள்தானா என்பதிலேயே கருத்தொற்றுமை கிடையாது. ஏப்ரல் அறிவிப்புக்குப் பின் சில வாரங்களிலேயே வேறு குழுக்கள் அதே தரவுகளை வேறு முறைகளில் ஆராய்ந்து, அந்த வாயு இருப்பதாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்று எழுதின. இந்த மறுப்புகளுக்கு முதல் செய்திக்குக் கிடைத்த இடத்தில் ஒரு சிறு பங்குகூடக் கிடைக்கவில்லை. அறிவியலின் சாரமே இந்த இரண்டாம் கட்டம்தான். அதை விட்டுவிட்டு எழுதப்படுவது அறிவியல் செய்தியாகாது.

‘விஞ்ஞானிகளே மிகைப்படுத்தும்போது ஊடகத்தை மட்டும் ஏன் குற்றம் சொல்கிறீர்கள்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2010 நவம்பர் இறுதியில் நாசா ஓர் அழைப்பு அனுப்பியது: வேற்றுலக உயிர்த் தேடலைப் பாதிக்கப்போகும் ஒரு கண்டுபிடிப்பை அறிவிக்கப்போகிறோம் என்றது. மூன்று நாள் உலகமே ஊகங்களில் மிதந்தது. டிசம்பர் 2 அன்று தெரிந்தது, அது கலிபோர்னியாவின் மோனோ ஏரியில் எடுத்த ஒரு பாக்டீரியா பற்றியது. பாஸ்பரசுக்குப் பதிலாக ஆர்சனிக்கைக் கொண்டு வளர்கிறது என்றார்கள். 2012ல் வந்த இரண்டு ஆய்வுகள் அதை மறுத்தன. அந்தக் கட்டுரையை ‘சயின்ஸ்’ இதழ் திரும்பப் பெற்றது 2025 ஜூலையில், ஆசிரியர்களின் எதிர்ப்பையும் மீறி. ஆக, பழியில் ஆய்வு நிறுவனங்களுக்கும் பங்குண்டு. ஆனால் அழைப்பிதழ் மிகைப்படுத்துகிறது என்பதே, செய்தியாளர் அந்தக் குழுவில் இல்லாத இன்னொரு நிபுணரைக் கேட்டு எழுத வேண்டியதற்கான காரணம். நிறுவனத்தின் அறிக்கையை அப்படியே மொழிபெயர்த்துப் போடுவது அந்தக் கடமையைக் கைவிடுவது.

இன்னொரு வாதம் இதைவிட வலுவானது. அண்டார்டிகாவில் கிடைத்த செவ்வாய்க் கல் ஒன்றில் பழைய உயிரின் தடயம் இருக்கலாம் என்று 1996ல் அறிவிக்கப்பட்டபோது அமெரிக்க அதிபர் கிளிண்டனே அதைப் பற்றிப் பேசினார். இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் அந்த விளக்கத்தை ஏற்பதில்லை. ஆனாலும் அந்தப் பரபரப்புதான் வானுயிரியல் என்ற துறைக்கு உரமிட்டது. 1998ல் நாசா அதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கியது. உற்சாகம் பயன் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த அறிவிப்பின் ஆய்வுக் கட்டுரை ‘சாத்தியமான’ என்ற சொல்லைத் தன் தலைப்பிலேயே வைத்திருந்தது. கிளிண்டனும் ‘உறுதிப்பட்டால்’ என்ற நிபந்தனையோடுதான் பேசினார். ஐயத்தைச் சொன்னதால் உற்சாகம் குறைந்துவிடவில்லை.

வேற்றுலக உயிர் என்பது மனிதர் தம் இடத்தைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணத்தையே மாற்றக்கூடிய செய்தி. அது அநேகமாக ஒரே நாளில் வராது. ஒரு தடயம், அதன்மேல் ஓர் ஐயம், பிறகு இன்னொரு தடயம் என்று பல ஆண்டுகளில் திரளும். ஆண்டுக்கு இருமுறை பொய்யாகக் கூப்பிடப்பட்ட சமூகம், மெய்யான அழைப்பு வரும்போது திரும்பிப் பார்க்குமா என்பதே என் கவலை. இதற்காகவே 2021ல் நாசாவின் தலைமை அறிவியலாளராக இருந்த ஜேம்ஸ் கிரீனும் மற்றவர்களும் ‘நேச்சர்’ இதழில் ஏழு படிகள் கொண்ட ஓர் அளவுகோலை முன்வைத்தார்கள். சமிக்ஞை தெரிவது முதல் படி. மாசுபாடு இல்லை, உயிரல்லாத காரணங்கள் பொருந்தவில்லை, வேறு வழியிலும் உறுதியானது என்று ஏறி ஏழாவதில்தான் ஏற்பு. புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்ணைப் போடுவதுபோல் இந்தப் படி எண்ணையும் செய்தியோடு போட்டால் போதும்.

தமிழில் நமக்கு இன்னும் ஒரு பொறுப்பு உண்டு. நுண்ணுயிர் பற்றிய செய்திக்குக்கூட ‘வேற்றுக்கிரகவாசி’ என்று தலைப்பிடும் பழக்கம் இருக்கிறது. ‘வாசி’ என்றதும் அங்கே ஆள் குடியேறிவிடுகிறான். ‘இருக்கிறது’ என்பதை ‘இருக்கலாம்’ என்று மாற்ற நம் மொழியில் தனிச் சொல்கூடத் தேவையில்லை, விகுதி போதும். அந்த விகுதி தேவைப்படும் செய்தி ஒன்று இதோ: செவ்வாயில் பெர்சிவரன்ஸ் ஊர்தி 2024 ஜூலையில் ‘செயாவா ஃபால்ஸ்’ என்ற பாறையில் துளையிட்டு ஒரு மாதிரி எடுத்தது. அதில் உயிரின் சாத்தியமான தடயம் உண்டு என்று 2025 செப்டம்பரில் கட்டுரை வந்தது. அந்த மாதிரி பூமியின் ஆய்வகத்துக்கு வந்தால்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். அது இன்னும் செவ்வாயில்தான் இருக்கிறது.