பழி யார் மேல்?

குழந்தை துடிக்கிறது! கைகால் வெட்டி இழுக்கிறது, கண் செருகுகிறது, வாயில் நுரை தள்ளுகிறது. பெற்றவள் பதறுகிறாள், ஊர் கூடுகிறது. கூடிய ஊர் செய்வதென்ன? ஒருவர் இரும்புச் சாவியைத் தேடுகிறார், ஒருவர் கிரகக் கோளாறு என்கிறார், இன்னொருவரோ, "வயிற்றில் இருக்கும்போது இவள் என்ன செய்தாளோ!" என்று தாயையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்.

தோழர்களே! படித்த நாடுகளிலும் இந்தப் பழிதேடும் படலம் நடந்தது. கக்குவான் இருமல் தடுப்பூசிக்குப் பின் வலிப்பு வந்தால், ஊசிதான் மூளையைக் கெடுத்தது என்றனர். "நானே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டேனே!" என்று தாய்மார்கள் நெஞ்சம் குமுறினர்.

இந்த வழக்கில் உண்மையைத் தேடியவர்களுள் ஒருவர் இன்கிரிட் ஷெஃபர் அம்மையார். ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர், குழந்தைகளின் நரம்பு மருத்துவர். மருந்துச் சீட்டு எழுதியதோடு அவர் பணி முடியவில்லை. சாமுவேல் பெர்கோவிக் என்ற ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து, குடும்பம் குடும்பமாக விசாரித்தார்: பாட்டனுக்கு உண்டா? அத்தைக்கு உண்டா? எந்த வயதில்? எந்த வேளையில்?

அந்த விசாரணையில், தூக்கத்தில் வரும் ஒருவகை வலிப்பு வெளிப்பட்டது. அதுவரை அதனைக் கெட்ட கனவு, மனக்கோளாறு என்று பிறழக் கணித்திருந்தனர்! 1995இல், ஒரு பெரிய ஆஸ்திரேலியக் குடும்பத்தில் அதன் மரபணுவை ஆஸ்திரேலிய, ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தனர்.

1978இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்லட் டிராவே அம்மையார் ஒரு கொடிய வலிப்பை விவரித்தார். ஒரு வயதுக்குள், பெரும்பாலும் காய்ச்சலோடு தொடங்குவது அது. நரம்பணுவில் சோடியம் நுழையும் வாயிலை அமைக்கும் மரபணுவில்தான் பழுது என்று 2001இல் பெல்ஜிய அறிஞர்கள் கண்டனர். 2006இல் பெர்கோவிக், ஷெஃபர் குழுவினர், ஊசியால் மூளை கெட்டதாகக் கூறப்பட்ட 14 பேரைச் சோதித்தனர். 11 பேருக்கு அதே மரபணுவில் பழுது! பெற்றோரையும் சோதிக்க முடிந்த எல்லோரிடத்திலும், அந்தப் பழுது பிள்ளையிடம் புதிதாகத் தோன்றியதே. அச்சுக் கோக்கையில் ஓரெழுத்து மாறியதற்கு எழுதியவனைத் தண்டிப்பதா? ஊசிக்குப் பின் வரும் காய்ச்சல் முதல் வலிப்பைச் சற்று முன்னதாகக் கிளப்பலாம். நோயை உண்டாக்கியது ஊசியன்று. தாய் குற்றவாளியும் அல்லள்!

இதனால் பழி மட்டுமா நீங்கியது? சிகிச்சையும் திருந்தியது. கார்பமசெபின் மாத்திரை வேறு பல வலிப்புகளை அடக்கும். இந்தக் குழந்தைக்கோ வலிப்பை வளர்க்கும். நோயின் பெயர் தெரியாமல் மருந்து கொடுப்பது இருட்டில் கல்லெறிவது!

2014இல் அவ்விருவருக்கும் ஆஸ்திரேலியப் பிரதமரின் அறிவியல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்த அறிவு பரிசுக் கேடயத்தோடு நின்றுவிடலாமா? மரபணுச் சோதனை மாளிகைப் பிள்ளைக்கு மட்டும் என்றால், ஆலைத் தொழிலாளியின் பிள்ளை துடித்துக்கொண்டே இருப்பதா? அரசு மருத்துவமனைதோறும் அது கிட்ட வேண்டுமெனக் கேட்போம்.

அதுவரை, வலிப்பு வந்த குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடம் கடந்தால் மருத்துவமனைக்கு விரையுங்கள். சாவியோ பூட்டைத் திறக்கட்டும். நோயைத் திறக்க அறிவு இருக்கிறது!