டிவிடி போட்டும் பூட் ஆகாத கணினி

புதிதாக ஓஎஸ் போட டிவிடியைச் செருகிக் கணினியை ஆன் செய்தால், அது டிவிடியைக் கண்டுகொள்ளாமல் பழைய விண்டோஸுக்கே போய்விடுவது உண்டு. சில கணினிகள் கருந்திரையில் ஒரு கோடு மட்டும் மின்ன அப்படியே நின்றுவிடும். இன்னும் சிலவற்றில் நிறுவல் தொடங்கிப் பாதியில் முடங்கும். மூன்றும் வெவ்வேறு கோளாறுகள். எந்தக் கட்டத்தில் நின்றது என்று பார்க்காமல் ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று முடிவுகட்டுவதால்தான் பலருக்கு வீண்செலவு ஆகிறது.

மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது மதர்போர்டில் உள்ள பயாஸ் எனும் சிறு நிரல். நினைவகம், விசைப்பலகை, டிரைவ்கள் ஆகியவற்றைச் சரிபார்த்தபின், பூட் ஆர்டர் எனப்படும் வரிசைப்படி ஒவ்வொரு டிரைவிலும் ஓஎஸ்ஸைத் தேடும். தொடக்கத்தில் இந்தத் தேடல் ஃபிளாப்பியையும் ஹார்டு டிஸ்கையும் தாண்டவில்லை. 1995இல் ஃபீனிக்ஸ், ஐபிஎம் நிறுவனங்கள் எல் டொரிட்டோ என்ற தரநிலையை வெளியிட்ட பிறகே சிடியிலிருந்து நேரடியாக பூட் செய்வதற்குப் பொதுவான வழி பிறந்தது. அதன்படி, வட்டின் 17ஆம் செக்டரில் பூட் குறிப்பு ஒன்று இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், வட்டில் எத்தனை கோப்புகள் இருந்தாலும் பயாஸைப் பொறுத்தவரை அது வெறும் தரவு வட்டுதான்.

மிகப் பரவலான தவறு நடப்பது இங்கேதான். இணையத்திலிருந்து இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை, பாட்டுக் கோப்பைப் போல அப்படியே வட்டில் நகலெடுத்துவிடுகிறார்கள். அப்போது 17ஆம் செக்டரில் அந்தக் குறிப்பு அமையாது. ஐஎஸ்ஓவை ‘இமேஜ்’ ஆகத்தான் பர்ன் செய்ய வேண்டும். சோதிப்பது எளிது: ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு கணினியில் அந்த வட்டைத் திறந்தால் பல ஃபோல்டர்கள் தெரிய வேண்டும். ஒரே ஒரு ஐஎஸ்ஓ கோப்பு மட்டும் தெரிந்தால் வட்டு தவறாகப் பதியப்பட்டிருக்கிறது. சரியாகப் பதிந்த வட்டு அந்த வேறு கணினியில் பூட் ஆகிறதா என்பதையும் பார்த்துவிட்டால், குறை வட்டிலா கணினியிலா என்பது அங்கேயே தெளிவாகிவிடும்.

வட்டு சரியென்றால் அடுத்து டிரைவ். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மருத்துவமனைகளும் ஸ்கேன் மையங்களும் நெருங்கியிருக்கின்றன. ஸ்கேன் படங்களைச் சிடியில் பதிந்து தரும் வழக்கத்தால், சிடி டிரைவ் உள்ள பழைய டெஸ்க்டாப்புகளுக்கு இத்தகைய இடங்களில் இன்னும் வேலை இருக்கிறது. ‘ஸ்கேன் சிடி நன்றாக ஓடுகிறது, ஆகவே டிரைவில் குறை இல்லை’ என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது தவறாக முடியலாம். சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் அலைநீள லேசரும், டிவிடியைப் படிக்க 650 நானோமீட்டர் லேசரும் வேண்டும். ஒரே டிரைவுக்குள் இரண்டும் தனித்தனியாக உழைப்பதால், ஒன்று பழுதானாலும் மற்றொன்று ஓடும். லென்ஸில் படியும் தூசியும் இரண்டையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. வட்டை மிக வேகமாகப் பதிந்திருந்தால் தேய்ந்த டிரைவ் இன்னும் திணறும். குறைந்த வேகத்தில் மறுபடி பதிந்து பார்ப்பது நல்லது.

பிறகு பூட் ஆர்டர். டெல், லெனோவோ கணினிகள் பலவற்றில் ஆன் செய்ததும் எஃப்12 விசையைத் தட்டினால் பூட் மெனு வரும். எச்பியில் எஸ்கேப் தட்டி எஃப்9. ஏசரில் எஃப்12 மெனுவை முதலில் பயாஸில் அனுமதிக்க வேண்டியிருக்கலாம். மெனுவில் டிவிடியைத் தேர்ந்த பின்னும், ஏதேனும் ஒரு விசையை அழுத்தச் சொல்லி விண்டோஸ் வட்டு சில நொடிகளே காத்திருக்கும். அதைத் தவறவிட்டால் கணினி ஹார்டு டிஸ்குக்குத் திரும்பிவிடும். மாற்றிய ஆர்டர் மறுநாளே பழையபடி மாறியிருந்தால், நேரமும் தவறாகக் காட்டினால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது என்று பொருள். விலை சொற்பம்தான்.

பயாஸின் இடத்தை யூஇஎஃப்ஐ பிடித்த பிறகு வேறு சிக்கல்கள் சேர்ந்தன. 2012இல் விண்டோஸ் 8 உடன் பரவிய செக்யூர் பூட், ஏற்கப்பட்ட கையொப்பம் இல்லாத வட்டை மறுத்துவிடும். சில லினக்ஸ் வட்டுகள் இதனால்தான் நிற்கின்றன. அமைப்பில் அதை அணைத்தால் போதும். வட்டைப் பழைய பயாஸ் முறையில் பூட் செய்துவிட்டு, ஜிபிடி முறையில் பிரித்த ஹார்டு டிஸ்கில் விண்டோஸ் போட முயன்றாலும் நிறுவல் மறுக்கப்படும். இதற்காக டிஸ்கை அழிக்க வேண்டியதில்லை. யூஇஎஃப்ஐ முறையில் மறுபடி பூட் செய்தாலே வழிவிடும்.

விண்டோஸ் 7 நிறுவும்போது சிடி, டிவிடி டிரைவர் இல்லை என்று வரும் செய்தி பலரைத் திசைதிருப்பியிருக்கிறது. உண்மையான காரணம் பெரும்பாலும் மோசமாகப் பதிந்த வட்டு, அல்லது அந்த ஓஎஸ்ஸுக்குத் தெரியாத யூஎஸ்பி 3.0 போர்ட். நிறுவல் ஓடியும் ஹார்டு டிஸ்கே பட்டியலில் வராவிட்டால், 2020இல் வந்த இன்டெல் 11ஆம் தலைமுறை முதலான மடிக்கணினிகளில் விஎம்டி என்ற அமைப்பைச் சந்தேகிக்கலாம். இன்டெல்லின் சேமிப்பக டிரைவரை ஏற்றினால் டிஸ்க் தெரியும்.

டிவிடியே இனி பொருந்தாத இடமும் உண்டு. ஒற்றை அடுக்கு டிவிடி கொள்வது 4.7 ஜிபி, விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ அதைவிடப் பெரியது. அதற்குப் பென் டிரைவ்தான் எளிய வழி. அங்கும் கோப்புகளை வெறுமனே நகலெடுத்தால் சிக்கல்தான். ஃபேட்32 அமைப்பு 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக்கோப்பை ஏற்காது. ரூஃபஸ் போன்ற கருவி இதைக் கவனித்துக்கொள்ளும்.

எந்த நிறுவலுக்கும் முன் கோப்புகளைக் காப்பாற்றியே ஆக வேண்டும். விண்டோஸ் எழவே மறுக்கும் கணினியிலும், நிறுவாமலே ஓடும் லைவ் லினக்ஸ் வட்டில் பூட் செய்து புகைப்படங்களையும் கணக்குகளையும் வெளி டிஸ்குக்கு மாற்றிவிட முடியும். இதைச் செய்யாமலே ஃபார்மட் அடிப்பது மன்னிக்க முடியாத அவசரம்.

இரண்டு ஓஎஸ்கள் உள்ள கணினியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில், மாணவர்களுக்கு விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ், சி-டாக் நிறுவனத்தின் உருவாக்கம். இத்தகைய கணினியில் விண்டோஸை மட்டும் மறுபடி போட்டால், அது பூட் பகுதியில் தன் நிரலை எழுதிவிடுவதால் பாஸைத் தேர்வுசெய்யும் மெனு மறைந்துவிடும். ஆனால் நிறுவும்போது லினக்ஸ் பார்ட்டிஷனை அழிக்காதவரை பாஸ் தன் கோப்புகளோடு அங்கேயே இருக்கும். லைவ் லினக்ஸ் வட்டில் பூட் செய்து, கிரப் எனும் பூட் நிரலை மட்டும் மறுபடி நிறுவினால் பழைய மெனு திரும்ப வரும்.